ஓர் எம்.ஜி. காரும் ஐந்து சில்லுகளும்

ரொறன்ரோவில் வாழும் பள்ளி நண்பர் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மின்னஞ்சல் வந்தது. "மச்சான், அப்பாட எம்.ஜி. காரை எழுப்பப் போறன். கம்பிச் சில்லு வாங்க வேணும். மூன்று விதம் பார்த்து வைச்சிருக்கிறன். நீ சரித்திரம் படிச்சவன், எது சரியெண்டு சொல்லு" என்று எழுதியிருந்தார்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்த வரலாற்றில் கார்ச் சில்லுகளுக்கு இடம் இருக்கவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின்னும் அரசியலையும் போரையும் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். ஆயினும் அந்தக் காரை நான் அறிவேன். திருகோணமலை உட்துறைமுகத்துக்கு அண்மையில், நண்பரின் சிறிய தந்தையாருடைய வளவில், தகரக் கொட்டில் ஒன்றினுள் அது பல ஆண்டுகளாக நிற்கிறது. கட்டைகளின் மேல் நிற்கிறது என்பதே சரி. நான்கு சில்லுகளும் இல்லை. பின்புறத்தில் மாட்டியிருக்க வேண்டிய மேலதிகச் சில்லும் இல்லை. 1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார்ச் சில்லு மாட்டுவண்டிக்கும் பொருந்தும், தண்ணீர் வண்டிக்கும் பொருந்தும். எடுத்தவர்கள் மீது வீட்டாருக்குக் கோபம் இல்லை. அந்த நாட்களில் ஊரவர்க்குத் தேவைப்பட்டது காரல்ல, வண்டிதான்.

நண்பர் பார்த்து வைத்திருந்த மூன்று விதங்கள் இவை: 72 கம்பிகள் கொண்ட குரோமியப் பூச்சுச் சில்லு, 60 கம்பிகள் கொண்ட வெள்ளிச் சாயச் சில்லு, எட்டுக் கைகள் கொண்ட அலுமினியக் கலப்புலோகச் சில்லு. மூன்றுமே பழைய வடிவத்தைப் பார்த்து இன்று செய்யப்படும் பிரதிகள். எதை வாங்குவது என்ற அவருடைய கேள்விக்கு விடை தேடப் போய், அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வியில் முட்டிக்கொண்டோம்.

முதலில் அந்தக் கார் திருகோணமலைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு மிஞ்சிய பெருந்துறைமுகங்களுள் திருகோணமலை முதன்மை பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்றுதான் 'ஹேர்மஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. போர் முடிந்தது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆனால் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படை திருகோணமலையிலேயே இருந்தது. அதிகாரிகளும் அவர்களுடைய பங்களாக்களும் கார்களும் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஊரில் இருந்தன.

1956இல் பதவிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தளங்களைத் திருப்பிக் கேட்டது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் இறைமை என்று பார்த்தால் அது பெருமைக்குரிய நாள். தளத்தில் வேலை பார்த்து வந்த உள்ளூர்க் குடும்பங்களுக்கோ அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யோசித்த நாள். நண்பரின் தந்தையார் கப்பல் துறையில் மின்பகுதி மேற்பார்வையாளராக இருந்தவர். நாடு திரும்பிய அதிகாரி ஒருவர் தமது காரைக் கப்பலில் ஏற்ற விரும்பாமல் அவரிடம் விற்றுவிட்டுப் போனார். வேலை போகும் வேளையில் கார் வாங்கிய மனிதர் என்று உறவினர் நெடுங்காலம் அவரைப் பரிகசித்ததுண்டு.

1957ஐ நினைக்கும்போது காரின் இன்னொரு பகுதியும் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையின் அரசியல், வாகன இலக்கத் தகட்டில் ஏறி நின்றது. புதிதாகப் பதியப்படும் வாகனங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடப்பட வேண்டும் என்ற நடைமுறையைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு 'ஸ்ரீ' பொறித்த பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது தார் பூசும் போராட்டம் எழுந்தது. பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. நண்பருடைய தந்தையாரின் கார் முன்னரே பதியப்பட்டது. அதன் தகட்டில் ஆங்கில எழுத்துகளே இருந்தன, இன்றும் இருக்கின்றன. கொட்டிலில் நிற்கும் வண்டியில் எந்த மாற்றமும் காணாத பகுதி அந்தத் தகடுதான்.

மற்றவை எல்லாம் மாறிவிட்டன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாட்டுக்குக் கார் வருவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. உதிரிப்பாகங்களுக்கும் அதே கதி. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, உள்ளதைக் கொண்டு ஓட்டுவதே இலங்கைக் கார்களின் வாழ்க்கை. கடைசல் பட்டறைகளில் அச்சுகள் கடையப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொரு நிறுவனத்தின் காரில் ஏறியது. பின்னர் 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தபோது ஒஸ்ரினும் மொறிஸும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. அதே 1990களில் தெற்கே காலியில் மொறிஸ் மைனர் கார்களுக்குரிய பாகங்களைப் புதிதாகச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார்கள். ஆகவே பிரதி என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க இந்த நாட்டில் எவருக்கும் உரிமை இல்லை. இங்கே ஓடிய பழைய கார் ஒவ்வொன்றும் பாதி பிரதிதான்.

இனிச் சில்லுக்கு வருவோம்.

ஆரம்பகால மோட்டார் கார்கள் குதிரை வண்டியின் மரச்சில்லைத்தான் பூட்டிக்கொண்டன. கம்பிச் சில்லு சைக்கிளிலிருந்து வந்தது. மரச்சில்லில் கீழே இருக்கும் ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்கும். மெல்லிய கம்பியோ நின்று தாங்க மாட்டாது, வளைந்துவிடும். ஆகையால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கிறார்கள். நடுவில் உள்ள குடம் அந்த இழுவிசையில் தொங்கி நிற்கிறது. கம்பிகள் ஒன்றுக்கொன்று சமமாக இறுகியிருந்தால் இலேசான சில்லு பெரும் பாரம் தாங்கும். நாலைந்து தளர்ந்தால் அவற்றின் பங்கையும் அயலில் உள்ளவை சுமந்து, அவையும் ஒவ்வொன்றாக அறும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவர் கம்பியைத் தட்டி ஓசை கேட்பது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கொவென்றி நகரின் றட்ஜ்-விட்வேர்த் நிறுவனம், நடுவில் ஒரே ஒரு மரையால் இறுக்கும் கம்பிச் சில்லைக் கொண்டுவந்தது. குடத்தின் உட்புறத்தில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அவை அச்சின் பற்களோடு கோத்துக்கொள்ளும். வெளியே இரு சிறகுள்ள மரையைச் செப்புச் சுத்தியலால் அடித்தால் சில்லு கழன்றுவிடும். பந்தயத்தில் சில கணங்களில் சில்லு மாற்ற அது உதவியது. அதனால் கம்பிச் சில்லு என்றால் பந்தயக் கார் என்ற எண்ணம் ஐரோப்பாவெங்கும் ஊன்றிவிட்டது.

எம்.ஜி. அந்த எண்ணத்தில் வளர்ந்த கார். ஒக்ஸ்போர்டின் மொறிஸ் கராஜ் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். தொழிற்சாலை அபிங்டனில் இருந்தது. போர் முடிந்ததும் 1945இல் வெளிவந்த 'ரீ.சீ.' என்ற மாதிரிக்கு 19 அங்குலக் கம்பிச் சில்லுகள். 1949வரை சுமார் 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. அதன்பின் 1949 இறுதியில் 'ரீ.டீ.' வந்தது. முன்சில்லுகள் தனித்தனியே அசையும் புதிய அமைப்பு அதற்கு இருந்தது, ஓட்டம் மென்மையானது. ஆனால் 15 அங்குல உருக்குத் தட்டுச் சில்லுகளைப் பூட்டியே தொழிற்சாலை அதை விற்றது. ஆரம்பத்தில் துளையில்லாத வெறுந்தட்டு, சிறிது காலத்தில் சுற்றிவரத் துளையிட்ட தட்டு. எம்.ஜி. பிரியர்கள் முறைப்பட்டார்கள், கம்பி இல்லாத எம்.ஜி. ஓர் எம்.ஜி.யா என்று கேட்டார்கள். ஆயினும் 1953வரை 29,000க்கும் அதிகமான ரீ.டீ. கார்கள் விற்பனையாகின, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. அடுத்து வந்த 'ரீ.எவ்.' மாதிரியில், விரும்பியவர்கள் கம்பிச் சில்லைக் கேட்டு வாங்கலாம் என்றாயிற்று.

இவ்வளவையும் வாசித்துவிட்டு நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன்: "கார் எந்த மாதிரி?" "ரீ.டீ." என்றார். "அப்படியென்றால் கம்பிச் சில்லு இருந்திருக்காதே?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அந்தச் சில்லில கை வைச்சு விளையாடினவன். கம்பி எனக்கு நினைவிருக்கு" என்றார்.

நினைவு ஒன்று சொல்ல, ஆவணம் வேறொன்று சொல்லும் நிலை எங்கள் தொழிலில் புதிதன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவது சாட்சியைத் தேடுவதே முறை. கிண்ணியாவைச் சேர்ந்த முதிய இயந்திரப் பழுதுபார்ப்பாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். ஊரில் எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். நானா குனிந்து, துருவைத் துணியால் துடைத்து, அச்சின் முனையைத் தடவினார். "தம்பி, ஐந்து மரை ஆணி இருக்கு. கம்பிச் சில்லு எண்டால் பல்லு வெட்டின குடம் இருக்க வேணும். இதில அது பூட்டின அடையாளமே இல்லை" என்றார்.

அதே கிழமை, இலண்டனில் இருக்கும் நண்பரின் மூத்த சகோதரி பழைய அல்பத்திலிருந்து ஒரு படத்தை அனுப்பினார். பின்னணியில் குடாவும் ஒரு கப்பலும். தந்தையார் காரில் சாய்ந்து நிற்கிறார். காரில் துளையிட்ட தட்டுச் சில்லுகள். கூடவே சகோதரி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். காரை விற்ற அதிகாரிக்கு அதற்கு முன் ஒரு ரீ.சீ. இருந்ததாம். அதன் கம்பிச் சில்லுகள் வெயிலில் மின்னுவதைத் தந்தையார் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "தம்பி சின்னவன். கேட்டதைக் கண்டதாக நினைச்சிட்டான்" என்று முடித்திருந்தார்.

கேள்வி இப்போது மாறிவிட்டது. எந்தக் கம்பிச் சில்லு சிறந்தது என்பதல்ல. தந்தையிடம் இருந்ததைத் திரும்பச் செய்வதா, அவர் ஆசைப்பட்டு அடையாமற் போனதைச் செய்து பார்ப்பதா? மகன் எதைச் செய்தாலும் அது அன்புதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பணம் செலவழிக்குமுன் பொறியியல் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்தோம். பழைய காருக்குச் சில்லு தேடும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரதிச் சில்லு என்பது சட்டம் அறியாத பொருளன்று. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 124ஆம் இலக்க ஒழுங்குவிதி மாற்றுச் சில்லுகளை வகைப்படுத்துகிறது. கார் நிறுவனமே வழங்குவது, அதே இயந்திரத்தில் அதே உலோகத்தால் செய்து நிறுவனத்தின் பெயர் மட்டும் இல்லாதது, வேறொருவர் அதே வடிவில் செய்யும் பிரதி, அளவு மட்டும் பொருந்தும் வேறு வடிவம் என்று அவை பிரியும். சுழலும்போது வளைத்துப் பார்த்தல், பாரமேற்றி உருட்டல், ஓரத்தில் மோதவிடல் ஆகிய சோதனைகளையும் அது கூறுகிறது. யப்பானியக் கலப்புலோகச் சில்லுகளில் காணும் ஜே.டபிள்யூ.எல். குறியும், ஜேர்மனியின் டியூவ் சான்றும் இத்தகைய சோதனைகளைக் குறிப்பவையே. சில்லின் உட்புறத்தில் தாங்கும் பாரம், அளவு, செய்த திகதி ஆகியவை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் பொறிக்காத சில்லு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்கக் கூடாது.

அடுத்து அளவுகள். மரை ஆணிகளின் வட்ட விட்டம், நடுத்துளை, சில்லின் நடுக்கோட்டுக்கும் பூட்டும் முகத்துக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றாவது பிழைத்தால் சில்லு வெளியே தள்ளி, ரயர் மட்காட்டில் உரசும். தாங்கிகளும் விரைவில் தேயும். தட்டுச் சில்லுக்குரிய அச்சில் கம்பிச் சில்லு பூட்ட விற்கப்படும் இடைக்குடங்களில் இந்தக் குறை நேரலாம். உள்ளே பற்கள் தேய்ந்த பழைய குடமாயின் தடுப்பை அழுத்தும்போது 'டக்' என்ற ஒலி கேட்கும். அதைக் கேட்டபின்னும் ஓட்டுவது ஆபத்து.

கடைசியாக எங்கள் ஊர்க் காற்று. வாடைக்காலம் முழுவதும் கடலிலிருந்து உப்பு வந்து படியும் இடம் திருகோணமலை. குரோமியப் பூச்சின் நுண்துளைகளினூடே உப்பு நுழைந்து உள்ளிருக்கும் உருக்கைத் தின்னும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பூச்சு முறையாகச் செய்யப்படாவிட்டால் கம்பியே நொய்ந்து போவதுமுண்டு. எட்டுக் கைச் சில்லின் மூலவடிவம் 1960களில் பந்தய மினி கார்களால் புகழ்பெற்ற 'மினிலைட்'. அது மக்னீசியக் கலவை. இலேசானது, ஆனால் உப்புக்கு எதிரே நிற்காது. பழைய மூலப்பொருளைத் தேடி வாங்குவதைவிட அலுமினியப் பிரதி பாதுகாப்பானது. மூலத்தைவிடப் பிரதி நல்லது என்று சொல்லக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் 1950களின் ரீ.டீ. காரில் அது 1960களின் சப்பாத்து.

நானாவிடம் அபிப்பிராயம் கேட்டேன். அவர் அழகைப் பற்றிப் பேசவில்லை. "சில்லில ஊத்தை இருக்கலாம் தம்பி, வெடிப்பு இருக்கக் கூடாது. உள்ளுக்கு ஆள் இருக்கிறது" என்றார்.

அன்று மாலை கோணேசர் கோயிலுக்குப் போனேன். 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் அது. அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குள் போயின. 1950இல் கிணறு வெட்டியவர்கள் பழைய திருவுருவங்களைக் கண்டெடுத்தார்கள். கோயில் மீண்டும் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் கும்பிடுவது பழைய கட்டடத்தை அல்ல. எவரும் அதைப் போலி என்று சொல்வதில்லை, ஏனெனில் அது தன்னைப் பழையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. இடிக்கப்பட்டது இன்ன ஆண்டு, எழுப்பப்பட்டது இன்ன ஆண்டு என்பதை ஊரே அறியும். போலிக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிரதி தன் பிறந்த ஆண்டை மறைக்காது.

இதையே நண்பருக்கு எழுதினேன். முடிவு அவருடையது என்றும் எழுதினேன்.

நாலு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "தட்டுச் சில்லு. ஐந்து." துளையிட்ட உருக்குத் தட்டு, புதிதாகச் செய்தது, பாரமும் திகதியும் பொறித்தது. பிரித்தானியாவிலிருந்து வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர் ஊரில் புதிய கார்கள் பல ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பது தெரியாது. கடற்கரை வீதியில் ஒரு முறை ஓடினால் போதும் என்கிறார் நண்பர்.

ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பொருட் கடை ஒன்றில் ரீ.சீ. காரின் கம்பிச் சில்லு ஒன்றையும் வாங்கியிருக்கிறார். துருப்பிடித்தது, ஓடுவதற்கு உதவாதது. அதைக் காரில் பூட்டப் போவதில்லை. கொட்டிலின் சுவரில், தந்தையாரின் படத்துக்குக் கீழே மாட்டப் போகிறாராம்.